திரை கிழிந்த பின்

ஆடியில் ஒரு செவ்வாய், சீனக்குடாவுக்குப் போகும் வழியில்
கண்ணுக்குள் யாரோ புகையிலைச் சாறு துப்பினதுபோல் இருக்கு என்று
ஓட்டோவை ஓரங்கட்டினார் திபூர்சியஸ்.
ஏறியிருந்தவன் இறங்கி நடந்துவிட்டான்,
காசு தராமல்.
வெள்ளிக்கிழமை மற்றக் கண்.

விழித்திரை கிழிந்துவிட்டதென்றார் கண்டி டொக்டர்.
திரை கிழிந்தால் பரிசுத்த இடம் தெரியும் என்று
மறைக்கல்வி வகுப்பில் ஒப்புவித்தவள் நான்.
இவருக்கோ
என் முகம்கூடத் தெரியவில்லை.

பாலையூற்று வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள், பிஸ்கட் பெட்டிகளோடு.
எரிக்கோ வழிக் குருடனைப் பற்றி மூன்று பேர் சொன்னார்கள்,
கண்ணில் பூசிய சேற்றைப் பற்றி ஒருவர்.
தாங்கக்கூடியதைத்தான் ஆண்டவர் தருவார் என்றாள் மெற்றில்டா அக்கா.
தாங்குகிறவளைக் கேட்டுவிட்டா தருகிறார்?
வாய்வரை வந்ததைத்
தேத்தண்ணியோடு விழுங்கினேன்.

லீசிங் கம்பனிப் பெடியன் மட்டும்
வேதம் பேசவில்லை.
மாதம் பதினெட்டாயிரத்து நானூறு என்றான்.
அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

அன்றிரவு செபமாலைக்கு முழந்தாளிட்டோம்.
மூன்றாம் மணியில் என் நாக்கு நின்றுவிட்டது.
அவர் நிறுத்தவில்லை.
தன் பாதியையும் என் பாதியையும்
தானே சொல்லிக்கொண்டு போனார்,
பழுதான வண்டியைக் கயிறு கட்டி
இழுத்துப் போகிறவனைப்போல.
கடைசி மணி முடிய, முகத்தை என் பக்கம் திருப்பி
(கொஞ்சம் தள்ளி, அலுமாரிப் பக்கம்)
"கிளச் எந்தக் கையில, தெரியுமா?" என்றார்.

விடியுமுன் மைதானத்தில் பழகினேன்.
முதல் நாள் பதினொரு தரம் எஞ்சின் என்னை மறுதலித்தது.
இராயப்பர்கூட மூன்றோடு விட்டாரே என்று
பின் சீற்றில் இருந்து சிரித்தார்.
ஆடிக்குப் பிறகு அந்தச் சிரிப்பை
அன்றுதான் கேட்டேன்.
அதற்காக இன்னும் ஒருதரம் நிறுத்தியிருப்பேன்.

பஸ் நிலைய ஸ்டாண்டில் முதல் வாரம் யாரும் கதைக்கவில்லை.
மழை நாளொன்றில் ஜவ்பர் நானா
தன் முறைக்கு வந்த சவாரியை என் பக்கம் அனுப்பிவிட்டுப்
பீடி பற்றவைப்பதில் மும்முரமாக இருந்தார்.
அன்றைய அரிசி அது.

கண் திரும்பவில்லை.
திரும்புமென்று கண்டியிலும் சொல்லவில்லை.
அவர் இன்னும் கேட்கிறார், பூசைக்குப் பூசை,
கடன் கொடுத்தவன் வாசலில் நிற்பதுபோல் நின்று.
நான் அவ்வளவு கேட்பதில்லை.
இன்றைய பெற்றோல் என்கிறேன்,
இன்றைக்கு மட்டும்.
சில நாள் அதையும் கேட்க மனமில்லாமல்
சும்மா போய் இருந்துவிட்டு வருவேன்.
அதுவும் செபம்தான் என்கிறார் சுவாமி.
எனக்கு நிச்சயமில்லை. ஆனாலும் போகிறேன்.
பதினைந்து தவணை கட்டியாயிற்று,
இருபத்தொன்று மிச்சம்.

கடைசி ஓட்டத்துக்கு அவரும் வருவார்.
டீசல் மணத்தால் துறைமுகத்தை அறிவார்,
எஞ்சின் திணறலால் உவர்மலை ஏற்றத்தை.
பள்ளங்களை எனக்கு முன்னமே சொல்வார்,
போன வருடம் மூடிவிட்ட பள்ளங்களையும்.

கார்த்திகை மழை. வைப்பர் பாதிக் கண்ணாடிதான் துடைக்கும்.
கோட்டைப் பக்கமிருந்து திரும்புகையில்
"நில்" என்றார்.

ஏன் என்று கேட்கவில்லை.
பிரேக்கை மிதித்த பிறகுதான்
ஒற்றை விளக்கின் வெளிச்சத்துக்குள் வந்தது
ஒரு பெண்மான். பின்னால் இன்னொன்று.
அதன் பின்னால் கால் பின்னும் குட்டி,
நடுத்தெருவில் நின்று எங்களைப் பார்த்தது.

குளம்பொலியா, மூச்சா,
இந்த மழைக்குள் அவர் எதைக் கேட்டார்
என்று இன்றும் தெரியாது.
என் கை நடுங்கியது. கண்ணாடியில் செபமாலையும்.

"குட்டியும் போயிற்றா?"

போயிற்று என்றேன்.

"அப்ப எடு."