ஒட்டுப்பால்

மூன்று மணிக்கு வெட்டத் தொடங்கினால்
முந்நூறாவது மரத்தில் ஐந்தேகால்.
பால் சொட்டி முடிய இன்னும் இரண்டு மணி நேரம்.
அந்த இரண்டு மணி நேரத்தில்தான்
சுபிஜாவின் புத்தகத்தை வாசித்தேன்,
பொன்மனையில், ஷீட் அடிக்கிற புரையில்,
நெற்றி விளக்கைக் கழற்றாமல்.

எழுநூற்றுப் பத்துப் பக்கம்.
ஓரமெல்லாம் ஊதா மை பூசியது.
வெளிவருவதற்கு ஐந்து மாதம் முன்பே
பணம் கட்டி வைத்திருந்தாள்,
மார்த்தாண்டம் ஸ்கேன் சென்டரில் வாங்குகிற சம்பளத்தில்.
உலகமே அழுதிருக்கு ரெஜின், என்றாள்,
நானூற்றிப் பன்னிரண்டாம் பக்கத்தில்.
கைப்பேசியில் காட்டினாள்:
யார் யாரோ, எந்தெந்த ஊரிலோ,
புத்தகத்தை நெஞ்சோடு அணைத்து
மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள்.

எனக்க இங்கிலீஷ் மெதுவாக்கும்.
ஒரு மரத்துக்கு அரை நிமிடம்,
ஒரு பக்கத்துக்கு ஏழு நிமிடம்.
கதாநாயகி பெயரின் நடுவில்
ஒரு காற்புள்ளி மேலே தொங்குகிறது.
எப்படிச் சொல்வதென்று தெரியாமல்
ஷெர்லின் என்றே வாசித்தேன்.
ஷெர்லினுக்குப் பதினேழு வயது.
ஷெர்லின் பனிக்காட்டில் நடக்கிறாள்.
ஷெர்லின் கீறினால் வெள்ளி மரங்கள் பால் சுரக்கும்,
அதைக் குடித்துத்தான் டிராகன்கள் கண் விழிக்கும்.

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.
குறுக்கே கீறுகிறாள், கத்தியைச் சாய்க்காமல்.
பட்டையைத் தாண்டித் தடிவரை இறக்குகிறாள்.
பிள்ளே, இடது மேலே வலது கீழே,
ஒரு சரிவு வேண்டாமா?
தடியில் கத்தி பட்டால் முடிச்சு விழும்,
அப்புறம் அந்தப் பட்டை எதுக்கு ஆகும்?
மூன்று முறை கீறினால் மரமே செத்துவிடுமாம்.
நான் வருஷத்துக்கு நூற்றிருபது கீறுகிறேன்.
பென்சிலால் ஓரத்தில் குறிக்கப் போனேன்.
புத்தகம் அவளுடையது. விட்டுவிட்டேன்.

இருந்தாலும் மழை பெய்து வெட்டில்லாத ஒரு நாளில்
கட்டிலில் கிடந்து அறுபது பக்கம் தாண்டினேன்.
சோறு ஆறிப்போனது.
ஷெர்லின் கூடவே வருகிற லாயத்துப் பையன்,
குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டுகிறவன்,
எழுதியவளுக்கே அவன்மேல் பெரிய அக்கறை இல்லை,
அவனுக்கு ஒன்றும் வந்துவிடக்கூடாது
என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை. கையைக் கழுவியதாகத்தான் நினைப்பு.
பெருவிரல் ஓரத்தில் பால் இருந்திருக்கிறது.
பன்னிரண்டாம் பக்கத்தைத் தொட்டதும்
பேச்சிப்பாறைப் பக்கம் முழங்கியது.
மழை இறங்கினால் சிரட்டையெல்லாம் வெள்ளம்.
புத்தகத்தை மூடிவிட்டு வாளியோடு ஓடினேன்.
திரும்பி வரும்போது
பன்னிரண்டும் பதின்மூன்றும்
ஒன்றையொன்று விடுவதாக இல்லை.

மரத்தில் உரிக்கிற அதே பக்குவத்தில் பிரித்தேன்.
ஒட்டுப்பால் வந்தது. நாலு வரியும் கூடவே வந்தது.
அந்தத் தோலில் இடம்வலம் மாறிய எழுத்துகள்,
தேறியது மூன்று சொல்: அவன், கடிவாளம், ஒருபோதும்.
பக்கத்தில் மிச்சம்:
பையன் கடிவாளத்தை அவளிடம் நீட்டுகிறான்.
அடுத்ததில் ஷெர்லின் தனியாகக் குதிரையில் போகிறாள்.
உலகம் அழுத இடம்
என் விரலில் சுருண்டு கிடந்தது.
நான் அழவில்லை.
புதுப் பிரதி என்ன விலை என்று பார்த்தேன்.
ஐந்தரைக் கிலோ ஷீட்.

ஞாயிற்றுக்கிழமை குழித்துறை பஸ் ஸ்டாண்டில்
அவளிடம் சொன்னேன்.
பக்கத்தைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.
பிறகு பையிலிருந்து பேனா எடுத்து
உரிந்த இடத்தின் ஓரத்தில்
நாலு வரியையும் யோசிக்காமல் எழுதினாள்,
தமிழில்.
கடைசி இரண்டு:
திரும்பிப் பார்க்காதே. பார்த்தால் நான் கையசைப்பேன்,
அசைத்தால் நீ இறங்கிவிடுவாய்.
வாசித்துவிட்டு நான்
எதிரே நின்ற கருங்கல் பஸ்ஸின் போர்டை
எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகொரு நாள் கைப்பேசியில்
யாரோ அதே பக்கத்தைக் காட்டி அழுதார்கள்.
நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தேன்.
கையசைப்பதைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை.

அவளிடம் இன்னும் கேட்கவில்லை.
இரண்டாம் பாகம் அக்டோபரில் என்றாள்.
நல்ல மழை இருக்கும்.
வெட்டு இருக்காது.