நடத்துநர் இல்லாத பேருந்து

பீடோங்கில் வந்திறங்கிய மறுநாள்
கடைக்காரர் "நாலு வெள்ளி" என்றார்.
நான்கு வெள்ளிக்கிழமை தவணை தருகிறார் என்று
நன்றி சொல்லிக் கிளம்பிவிட்டேன்.
லோஷினிதான் ஓடிப்போய்ப் பணத்தைக் கொடுத்தாள்.
இங்கே ரிங்கிட்டுக்குப் பேர் வெள்ளி.
கெடாவில் விடுமுறையும் வெள்ளிதான்.
ஞாயிறு காலை எட்டு மணிக்கு வகுப்பு.

கோவில்பட்டிப் பணிமனை முழுக்க
மகள் ஹார்வர்டு பக்கம் படிப்பதாகச் சொல்லியிருந்தார் அப்பா.
பொய்யில்லை.
விடுதியைத் தாண்டியுள்ள செம்பனைத் தோட்டத்துக்கு
அதுதான் பெயர்.
பலகையோடு நின்று படம் அனுப்பியது நான்,
மரங்கள் விழாதபடி.

ஒரு செமஸ்டர், பதினாலு வாரம்.
பினாங்குக்கு மூன்று முறை போனேன்.
ஈப்போவில் மழை, ஒன்றும் பார்க்கவில்லை.
தைப்பிங்கில் கடைசி வண்டியை விட்டுவிட்டு
சார்ஜ் தீர்ந்த போனோடு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.
லங்காவி.
வீட்டில் சொன்னது, லேப்.

டிக்கெட்டை எறிய வராது எனக்கு.
எல்லாம் ஒரு மைலோ டப்பாவில் கிடக்கும்.

பதினோராவது வாரம் அப்பா வந்தார்,
ஆறு நாள் ஈட்டிய விடுப்பும்
இரண்டு கிலோ கடலைமிட்டாயுமாக.
பார்த்ததையெல்லாம் பத்தொன்பதால் பெருக்கினார்.
ஒரு ரொட்டி சானாயைப் பெருக்கிவிட்டு
இன்னொன்று வேண்டாமென்றார்.
தோபிக் கடை வசந்தமலர் அக்கா
"பசியாறியாச்சா?" என்று கேட்டபோது மட்டும்
கணக்கு மறந்து "ஆச்சும்மா" என்றார்.

சுங்கைப்பட்டாணி பேருந்தில் அவர் உட்காரவில்லை.
இடமிருந்தது.
பின்வாசல் கம்பியில் இடுப்பைச் சாய்த்து
இருபத்தாறு வருடமாக நிற்பது மாதிரி நின்றார்.
"கண்டக்டர் எங்கேம்மா?"
"கிடையாதுப்பா. டிரைவர் மட்டும்தான்."
"அப்ப யாரு ரைட் குடுக்கிறது?"
"கண்ணாடியப் பாத்து அவரே எடுத்துருவாரு."
அதற்கப்புறம் வெகுநேரம் பேசவில்லை.
கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்
உரசிக்கொண்டே வந்தன,
இல்லாத கட்டிலிருந்து எதையோ கிழிக்க.

இரவு, மைலோ குடிக்கலாமென்று
டப்பாவைத் திறந்துவிட்டார்.
கொட்டி, ஒவ்வொன்றாய் எடுத்தார்.
தேதி. ஏறிய ஊர். கட்டணம்.
ஓடுகிற வண்டியில் திடீரென ஏறும் செக்கிங் அதிகாரியை
எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும்;
இவ்வளவு மெதுவாக அவர்கள் படிப்பதில்லை.
லங்காவிப் படகில் விரல் நின்றது.
இரண்டு டிக்கெட், 22ஏ, 22பி.
தனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது,
படகிலேயே ஏறியதில்லை என்று
லோஷினி அன்று காலைதான் அவரிடம் சொல்லியிருந்தாள்.

அப்பா பெருக்கவில்லை.
இரண்டையும் நீளவாக்கில் மடித்தார்,
விரலிடுக்கில் கொஞ்சநேரம் வைத்திருந்தார்,
டப்பாவில் போட்டார்.
"மீதிச் சில்லறை வாங்கினியா?"
"வாங்கினேம்ப்பா."
ருபேந்திரன் என்கிற பெயர்
தொண்டைவரை படிக்கட்டில் வந்து நின்றது.
நிறுத்தம் வரவில்லை.

செவ்வாய் மாலை, பட்டர்வொர்த் போகும் வண்டி.
கதவோரம் முதல் இருக்கையில்
பையை மடியில் வைத்துக்கொண்டு
பயணி மாதிரி உட்கார்ந்தார்.
கதவு மூடிக்கொண்டது.
வண்டி உறுமியபடி நின்றுகொண்டேயிருந்தது.
என்ன நினைத்தேனோ
பக்கத்துத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினேன்.

கிளம்பப் போன வண்டி சட்டென்று அணைந்தது.
கதவு திறந்து ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்:
"என்னா தங்கச்சி, எதும் விட்டுட்டீங்களா?"

கண்ணாடிக்குள் அப்பா முகம்.
சொல்வதற்கு எங்கள் இருவருக்குமே
ஒன்றும் வாய்க்கவில்லை.
பின்னால் பழக்குலை ஏற்றிய லாரி
ஹாரனில் கையை வைத்து எடுக்கவில்லை.

அப்பாதான் என்னைப் பார்த்துக்கொண்டே
ஓட்டுநரிடம் சொன்னார்:
"ஒண்ணுமில்ல. போலாம். ரைட்."