சாவி இல்லாத வண்டி

ஜெலுத்தோங்கில், மீன் குளிர்கிடங்குக்குப் பின்னால்
தியோவின் பட்டறை.
சுவரில் சாய்ந்து நின்றது பச்சை வண்டி.
இலைப் பச்சை அல்ல,
பத்து வருடம் மழையில் ஊறிய தார்ப்பாய்ப் பச்சை.
தொட்டால் விரலில் மாவாய் ஒட்டியது.

"ராணுவ ஏலத்துல எடுத்தது, தங்கச்சி."
நன்றாகத் தமிழ் பேசுவான் தியோ.
விலை சொல்லும்போது மட்டும் மலாய்க்கு மாறிவிடுவான்:
அம்பாட் ரிபு.
நாலாயிரம் வெள்ளி.
எனக்கு அது ஐந்து மாத ஓவர்டைம்.

சாவி எங்கே என்றேன்.
சாவியே கிடையாதாம்.
ஒரு சுவிட்ச், ஓர் உதை, அவ்வளவுதான்.
குண்டு விழும்போது பாக்கெட்டைத் துழாவ முடியுமா என்றான்.
சரிதான்.
ஆனால் இது நிற்கப்போவது பாயான் லெப்பாஸில்,
தொழிற்சாலை வாசலில், முந்நூறு வண்டிகளுக்கு நடுவே,
பன்னிரண்டு மணி நேரம்.
என் கப்சாய் காணாமல் போனதும் அங்கேதான்,
சாவி என் பையில் இருக்கும்போதே.

மீட்டரில் ஒன்பதாயிரம் கிலோமீட்டர்.
எனக்குச் சந்தோஷம். அருளப்பனுக்கு இல்லை.
எங்கள் லைனில் எந்த மெஷின் நின்றாலும்
முதலில் காதை வைத்துக் கேட்பவன்.
அரை நாள் லீவு போட்டு வந்திருந்தான்.
"ஓடுன வண்டியவிட ஓடாத வண்டிக்கு வயசு அதிகம்"
என்று டேங்க் மூடியைத் திறந்து மோந்தான்.
துரு. பழைய பெட்ரோலின் புளிப்பு.
கார்புரேட்டர் ரப்பரை நகத்தால் கீறினான்,
உதிர்ந்தது.
டயரின் ஓரம் என் குதிகாலைப் போல் வெடித்திருந்தது.

கப்சாய்க்கு பிளக் வேண்டுமென்றால்
பிறையில் மளிகைக்கடையில்கூடக் கேட்கலாம்.
இதற்கு ஒரு ரப்பர் வளையம்
கடல் தாண்டி வர ஐந்து வாரம்.
முகாமில் இதை உதைக்க ஓர் ஆள்,
துடைக்க ஓர் ஆள், கணக்கெழுத ஓர் ஆள் இருந்திருப்பார்கள்.
எனக்கு இருப்பது
அருளப்பனின் அரை நாள் லீவு.

முன்பக்கம் நீளமாய் ஒரு பெட்டி.
துப்பாக்கிக்காம்.
என் சாப்பாட்டுத் தூக்கை அதில் இறக்கிப் பார்த்தேன்.
மழைக்கோட்டையும் மடித்துச் செருகினேன்.
அதற்குப் பிறகும் இரண்டு விரல் இடம் மிச்சம்.
அந்த இரண்டு விரல் இடத்தில்
மனசு மெல்ல உட்கார ஆரம்பித்தது.

நானே உதைக்கிறேன் என்றேன்.
ஒன்று. இருமல்கூட இல்லை.
இரண்டு.
மூன்றாவதில் அது என்னைத் திருப்பி உதைத்தது,
முழங்காலுக்குக் கீழே, நேராக எலும்பில்.
தியோ சிரிக்கவில்லை.
ஒரு முக்காலியைக் காலால் நகர்த்தி வைத்தான்.
நான் உட்காரவில்லை.
ஆறாவதில் பிடித்தது.
தகரக் கூரை அதிர,
ஐஸ் பெட்டி மேலிருந்த பூனை இறங்கி நடந்துபோனது.

பாலத்தில் ஏறினால் நடுவில் திரும்ப முடியாது.
பிறை வரைக்கும் போனேன்.
எழுபதில் சொன்னபடி கேட்டது.
எண்பதில் கண்ணாடி நடுங்கி
பின்னால் வந்த ஒரு லாரி மூன்று லாரியானது.
ஆனால் நடுப்பாலத்தில், தெற்கே கடல் திறந்து கிடக்கிற இடத்தில்,
கப்சாயை ஒரு முழம் தள்ளிவிடும் அந்தக் காற்று
வந்தது,
இடித்தது,
போய்விட்டது.
நான் கோட்டிலேயே இருந்தேன்.
பாலத்தில் மூச்சைப் பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை கம்பெனி பஸ்.
ஏழு மணி ஷிஃப்டுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம்,
பஸ் நகரவில்லை.
ஜன்னலுக்குக் கீழே ஓரமாய்
கப்சாய்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போகின்றன.
கன்றிப்போன எலும்பைப் பெருவிரலால் அழுத்திப் பார்க்கிறேன்.
வலிக்கிறது. நேற்றைவிடக் கொஞ்சம் குறைவு.

தியோவுக்கு எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன்:
டயர் இரண்டும் புதுசு.
ரப்பர் எல்லாம் புதுசு.
சாவி ஒன்று வைத்துத் தரணும்.
அதற்குக் கீழே விலை,
அவன் பாணியிலேயே:
தீகா ரிபு லீமா ராத்துஸ்.