பயன்படுத்திய நீர்

பதிவேட்டில் ஒன்பதாவது பத்தி அது.
அழைப்பு வந்த நேரம், கிளம்பிய நேரம்,
எரிந்தது எது, யாருடையது
எல்லாம் எழுதியாயிற்று.
பேனா இங்கே வந்து நின்றுவிட்டது.

இந்தக் கோடையில் எங்கள் தெருவில்
நிறைந்திருப்பது தீயணைப்பு வண்டி மட்டும்தான்.
நாலாயிரத்து ஐந்நூறு லிட்டர்
சிவப்புத் தகரத்துக்குள் அசையாமல்.
முழுசாகத் திறந்தால் இரண்டரை நிமிடம்.
ஆளுக்கு அரை பக்கெட்டில் குளித்துவிட்டு
உலர்ந்த துணியால் அதைத் துடைக்கிறோம்.

விடிந்ததும் ஸ்டேஷன் மதில் ஓரம்
முதலில் குடம் வரும், ஆள் பிறகு.
பச்சை, ஊதா, அடியில் சூடு வைத்து ஒட்டிய நீலம்,
கழுத்து நசுங்கிய மஞ்சள்.
மஞ்சள் லூர்துமேரியுடையது.
"ஒண்ணே ஒண்ணு சார்.
எரிஞ்சாத்தான் தருவீங்களா?"
ஆமாம் என்று சொல்வதற்கு
எனக்குச் சம்பளம்.

வரைபடத்தில் எங்கள் எல்லைக்குள் பதினோரு ஹைட்ரன்ட்.
டில்லிபாபு கடப்பாரையோடு போய்த் தேடினான்.
ஏழு, மூன்று அடுக்குத் தாருக்கு அடியில்.
ஒன்றின் மேல் இஸ்திரி வண்டி.
ஒன்றைத் திறந்தபோது நீளமாய்க் காற்று வந்தது,
பிறகு ஒரு பூரான்.
மற்றவை வரைபடத்தோடு சரி.

பங்குனியில் குப்பைமேடு பற்றிக்கொண்டு
மூன்று நாள் குடித்தது.
நாலாம் நாள் அலாவுதீன் சார் ஹோஸைச் சுருட்டச் சொன்னார்.
"குப்பைக்கு மண்ணு போதும். தண்ணி வீட்டுக்கு."
ஜேசிபி மண் தள்ளியது.
புகை தன்பாட்டுக்கு எருக்கஞ்சேரி பக்கம் நடந்தது.
இருமியவர்கள் எங்களைத் திட்டினார்கள்.
திட்டு சரிதான்.
கணக்கும் சரிதான்.

இன்று மதியம் இரண்டு நாற்பது, கால்வாயோரக் குடிசைகள்.
சந்துக்குள் வண்டி நுழையாது, நாலு ஹோஸ் இணைத்தோம்.
நாசிலை ஒடுக்கிப் பிடித்தேன்,
கல்யாணப் பந்தியில் நெய் ஊற்றுகிறவன்போல.
டில்லிபாபு பின்னாலிருந்து கத்திக்கொண்டே இருந்தான்:
முக்கால். பாதி. கால்.
இரண்டாவது வண்டி நீர் நிரப்பும் இடத்தில்
பதினோரு டேங்கர் லாரிகளுக்குப் பின்னால்
சைரன் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றது.
கால்வாயில் குழாயை இறக்கினோம்.
ஒரு நிமிடம் இழுத்தது,
பிறகு யார் வீட்டுப் பிள்ளையின் டயபரையோ
கவ்விக்கொண்டு மூச்சை நிறுத்தியது.
என் கையில் ஹோஸ் தட்டையானது,
கத்தரித்து ஊற்றிய பால் பாக்கெட் மாதிரி.

அப்போது குடங்கள் வந்தன.
இந்த முறை ஆளோடு.
ராத்திரி ஒரு மணி லாரியில் பிடித்தது,
துணி கட்டி மூடியது,
நாளை உலைக்கு என்று எண்ணி வைத்தது.
லூர்துமேரி வீடு எரியாத பக்கத்தில்.
முதல் குடம் அவளுடையது.
ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
சூடாக இருந்திருக்கும்.

பத்தொன்பது போயிற்று. முப்பத்திரண்டு நிற்கிறது.
உயிர்ச்சேதம்: ஓர் ஆடு.

குடங்களை நான் எண்ணவில்லை.
எண்ணுகிற நேரமா அது?
"அத்த எழுதாத," என்கிறான் டில்லிபாபு,
"எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஆடிட்ல கேப்பான்."
வண்டி: 4500 என்று எழுதுகிறேன்.
கீழே 'மற்றவை' என்று எழுதி
ஒரு புள்ளி வைக்கிறேன், அது பெரிதாகிக்கொண்டே போகிறது.

சாயங்காலம் உத்தரவு வந்தது:
இனி வண்டிக்குக் குடிநீர் கிடையாது.
பத்து மணிக்குக் கொடுங்கையூரிலிருந்து
சுத்திகரித்த சாக்கடை நீர் நிரப்பினோம்.
நெருப்புக்கு ருசி தெரியாது, அணைந்துவிடும்.
அந்தக் குடங்களைத் திருப்பித் தரலாமென்றால்
என்னிடம் நிறைந்திருப்பது இது.

மணி ஐந்தே கால்.
மதில் ஓரம் வந்துவிட்டன.
மஞ்சளுக்கு வாய் ஒரு பக்கம் உருகியிருக்கிறது,
அப்படியே வைத்திருக்கிறாள்.
இன்று எதுவும் கேட்கவில்லை.
பேனாவை மூடாமல் வெளியே போகிறேன்.