அடிக்கணக்கு

ராத்திரி பதினொன்றரை.
ஊத்துக்குளிக்குக் கிழக்கே துளசிமணியக்காவின் காடு.
நானூறு அடி தாண்டியும்
வெள்ளைப் புழுதிதான் வருகிறது.

கம்ப்ரசர் இரைச்சலில் பேச்சுக்கு இடமில்லை.
லாரி முகப்பில் சாய்ந்து போனைத் திறக்கிறேன்.
திருச்செங்கோட்டுப் பட்டறையில்
வண்டி முடங்கிக் கிடந்த பதினேழு நாளில்
இறக்கி வைத்த பாறை வரைபடம்.
சர்க்காருடையது, இலவசம்.
திறப்பதற்குள் ஒரு டீ ஆறிவிடும்.

நாங்கள் நிற்கிற இடம் அதில் ரோஸ் நிறம்.
தொட்டால் ஒரு கட்டம் விரிந்து
கல்லின் பேரைச் சொல்கிறது, வயதையும்:
இருநூற்றைம்பது கோடி வருஷம்.
அத்தனை சுழியை
முதலாளியின் கடன் பத்திரத்திலும் பார்த்ததில்லை.

எட்டாவதில் நின்றவன் நான்.
அனந்தப்பூர் போகையில் ஒரு வீடியோ,
நாக்பூரிலிருந்து திரும்புகையில் இரண்டு.
ராடு மாற்றுகிற லக்கன் சத்தீஸ்கர்க்காரன்,
அவன் இந்தியில் பார்ப்பான், நான் தமிழில்.
எரிமலை வந்தால் மட்டும்
ரெண்டு பேருக்கும் ஒரே இடத்தில் வாய் பிளக்கும்.

அதற்கப்புறம்
புழுதியைக் கையில் வாங்கினால் சும்மா உதற முடிவதில்லை.
மினுங்கினால் காக்காப்பொன்.
நறநறத்தால் வெங்கச்சங்கல்.
துருப்பிடித்த மஞ்சள் வந்தால்
எப்போதோ தண்ணீர் நடந்த தடம்.
இன்றைக்கு மஞ்சளே இல்லை.

இல்லாதது எனக்குச் சாயங்காலமே தெரியும்.

செயற்கைக்கோள் எடுத்த படம் ஒன்று இருக்கிறது,
மேகமே இல்லாத ஒரு பங்குனிப் பகல்.
காய்ந்த காடுகளுக்கு நடுவே
பச்சையாய் ஒரு கோடு, பனையும் வேம்புமாக,
அளவுகோல் வைத்ததுபோல் நேராக.
கீழே பாறை விண்டிருந்தால்தான்
மேலே மரம் அப்படி வரிசை பிடிக்கும்.
அந்தக் கோடு இந்தக் காட்டுக்குள் வரவில்லை.
தெற்கு மூலையில் கிளுவை வேலியை உரசிவிட்டு
பங்காளி பொங்கியண்ணன் பக்கம் போய்விடுகிறது.

தேங்காய் நிமிர்ந்த இடத்தில்
மஞ்சள் பூசிய கல் நட்டிருந்தார்கள்.
அடிக்கு இத்தனை ரூபாய்,
முந்நூறைத் தாண்டினால் அதற்கு மேலே பத்து.
நான் சூடம் கொளுத்தி மட்டையை இறக்கினேன்.

நானூற்று இருபதில் கையைத் தூக்கினேன்.
லக்கன் எஞ்சினை அணைத்தான்.
சத்தம் நின்றதும் மூன்று ஊர் நாய்களும் கேட்டன.
தலையில் துண்டு போட்டு
புருவமெல்லாம் வெளுத்து அக்கா வந்தார்.
போனை நீட்டினேன்.

"என்ற வூடு எங்கீங்க?"
நீலப் புள்ளி ஒன்றைக் காட்டினேன்.
"அட, மாட்டுச் சாளைக்குப் போட்ட தார்ப்பாய்!
அது கிழிஞ்சே ஒரு வருசமாச்சுங்க."
பெரிதாக்கினார். கிணறு தெரிந்தது,
உள்ளே ஒன்றுமில்லாத ஒரு கறுப்பு வட்டம்.
அதன்மேல் விரலைக் கொஞ்சநேரம் வைத்திருந்தார்.
பிறகு தெற்கு மூலை.

"இந்தக் கோடு நெசமாலுமுங்களா?"

பொய் சொல்ல வரவில்லை.
இருக்கலாமுங்க, என்றேன்.
மேலே இருந்து பார்க்கிறதுக்கு மரம்தான் தெரியும்,
விரிசல் தெரியாது.
இருந்தாலும் தண்ணி நிக்குதா, வடிஞ்சு போச்சான்னு
எந்தப் படமும் சொல்லாதுங்க.

அவர் என்னைப் பார்க்கவில்லை.
"இதப் பொழுது சாயறப்பவே
சொல்லியிருக்கோணுமுங்க."

லக்கன் ராடுகளை உருவி அடுக்கினான்.
இருபதடி ராடு, இருபத்தொன்று வந்தது.
பில் புத்தகத்தை முழங்காலில் வைத்து
முந்நூறு என்று எழுதினேன்.
முதலாளிக்குச் சொல்லப் போகிற காரணம்
இன்னும் கிடைக்கவில்லை.

கையெழுத்துக்குப் போனால்
சாளை பல்பின் கீழே உட்கார்ந்திருக்கிறார்.
வேலி தாண்டி, பொங்கியண்ணன் காடு தாண்டி
கோட்டின் மேலேயே விரல் போகிறது.
தார் ரோடு, ரயில் பாதை,
யாருடையதென்று தெரியாத நாலு காடு.
"இது எங்க போயி முடியுதுங்க?"

எனக்குத் தெரியவில்லை.
நானும் பக்கத்தில் குத்தவைத்தேன்.
சார்ஜ் ஒன்பது சதவீதம்.