திரும்பிய நேரம்

எஸ்கலாண்டேயில் பெட்ரோல் போட்டுக்கொண்டு
பன்னிரண்டாம் நெடுஞ்சாலையில் கிழக்கே இருபது நிமிடம்.
மாட்டு வேலிக்கு அப்பால் மண்சாலை முடிகிற இடத்தில்
ஒரு தகரப் பெட்டி.
மூடியைத் தூக்கினால் கீச்சென்று கத்தும்.
உள்ளே கோடுபோட்ட பதிவேடு,
நூலில் கட்டிய பென்சில்,
யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை.

பெயர். எத்தனை பேர். எங்கே. கிளம்பிய நேரம்.
கடைசிக் கட்டம்: திரும்பிய நேரம்.

லாஸ் வேகாஸில் சூதாட்ட விடுதிகளுக்குக்
கணக்குத் தணிக்கை செய்கிறவள் நான்.
விடுமுறையிலும் கண் முதலில்
காலிக் கட்டத்துக்குத்தான் போகிறது.

டென்வர் தம்பதி, நாயோடு. திரும்பினார்கள், இரண்டரைக்கு.
சாரணர்கள் ஒன்பது பேர். திரும்பினார்கள்,
ஒன்பது பேருமா என்று எழுதவில்லை.
அதற்குக் கீழே, முந்தாநாள் தேதியில்,
தமிழில்,
தலைப்பெழுத்தின் புள்ளிகூடப் பிசகாமல்
தி. ஆவுடைநாயகி. ஒருவர்.
எங்கே என்ற கட்டத்தில்
'போயிட்டு வரேன்'.
கடைசிக் கட்டம் வெள்ளை.

யாரிடம் சொன்னாள்?
தகரத்திடமா, இந்தச் சிவப்புப் பாறைகளிடமா?
வெறுமனே 'போறேன்' என்றால் வாசலிலேயே பதறுகிற பாஷை
இங்கே பென்சில் நுனியில் வந்து நிற்கிறது.
அவளுக்குக் கீழே என் பெயரை எழுதினேன்.
ஆங்கிலத்தில். பழக்கம்.

அறிவிப்புப் பலகை சொன்னது:
ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர்.
மேகம் திரண்டால் பள்ளத்தாக்கில் நிற்காதே.
உன் மலத்தையும் பையில் கட்டி நீயே திரும்பக் கொண்டு வா.
சிரித்தேன். பையை எடுத்துக்கொண்டேன்.

முதல் மைல் மணல்.
அப்புறம் வழி என்று ஒன்று இல்லை,
வழுக்குப் பாறைமேல் யாரோ அடுக்கிவைத்த மூன்று கல்,
அங்கே நின்று பார்த்தால் தூரத்தில் இன்னொரு மூன்று கல்.
பாலை என்று சொல்ல வாய்வரை வந்தது.
அடக்கிக்கொண்டேன்.
ஓடையோரம் காட்டன்வுட் மரங்கள்
மஞ்சளை வாரி இறைத்துக்கொண்டிருந்தன,
பாறைக் குழியில் போன மழையின் தண்ணீர்,
அதில் நகத்தளவு உயிர்கள் நீந்தின.

ஈர மண்ணில் ஒரு காலடி.
சின்னப் பாதம், இடது குதிகால் அழுந்தியிருந்தது.
அவளுடையதுதான் என்று
எந்த ஆதாரமும் இல்லாமல் முடிவு கட்டினேன்.
வேலையில் இப்படிச் செய்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

காலடி தண்ணீருக்குள் இறங்கியது.
அக்கரையில் ஏறவில்லை.

இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு
'ஆவுடைநாயகீ' என்று கத்தினேன்.
இன்னொரு தடவை.
மேலே பாறை இடுக்கில் கயிற்றோடு தொங்கிய பையன் எட்டிப் பார்த்தான்:
நாயைத் தொலைத்துவிட்டீர்களா?
வெட்கத்தில் ஆமாம் என்றுவிட்டேன்.
என்ன நிறம் என்று கேட்டான்.

திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.
நிறுத்துமிடத்தில் என் வண்டியும் பையனின் வேனும்.
பெட்டியைத் திறந்தேன்,
பென்சிலில் முனை இல்லை.
நகத்தால் கீறிப் பார்த்தேன். தாளில் எதுவும் தெரியவில்லை.

ஊரில் வனத்துறை அலுவலகத்தைப் பூட்டப் போனவர்
சாவியோடு நின்று கேட்டார்.
பாதிப்பேர் எழுத மறந்துவிடுவார்கள், மேடம்.
அநாதையாக வண்டி நின்றால்தான் கவலை.
யாராவது இறக்கிவிட்டுப் போயிருந்தால்?
யோசித்தார். காகிதம் எடுத்தார்.
பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன்,
இரண்டு தடவை அடித்துத் திருத்தினார்.
உங்கள் உறவா?
பதில் சொல்ல நேரமாயிற்று.
சரி, நீங்கள் எழுதினீர்களா, திரும்பியதை?

மேசை டிராயரிலிருந்து ஒரு புதுப் பென்சில் தந்தார்.

மறுபடி இருபது நிமிடம், முன்விளக்குப் போட்டுக்கொண்டு.
மூடி கத்தியது.
என் வரியில் ஆறு பத்து என்று போட்டு
பக்கத்தில், தமிழில், 'வந்துட்டேன்'.
மேல்வரியைத் தொடவில்லை.
புதுப் பென்சிலை நூலில் கட்டி
முனை மழுங்காமல் கையுறைக்குள் செருகினேன்.
போட்ட முடிச்சின்மேல்
இன்னொரு முடிச்சு.