இரண்டாம் கியர்

நோன்பின் நான்காம் வாரம்.
இறைச்சி இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை.
சியாலா வைத்த பீன்ஸ் குழம்பில்
எண்ணெய்கூடக் கணக்காகத்தான்.
வயிறு சொன்னபடி கேட்கிறது, ஆண்டவரே.
வாய்தான்
காலையில் ஓத்தியாவை எலும்போடு மென்றது.

ஓத்தியா என் தடத்திலேயே வேன் ஓட்டுகிறவன்.
ஹஷூரி நிறுத்தத்தில் எனக்கு முன் புகுந்து
எனக்காக நின்ற நாலு பேரை அள்ளிக்கொண்டு போனான்.
ஜன்னலை இறக்கி
செத்துப்போன அவன் அம்மாவரை இழுத்தேன்.
பின்சீட்டில் ஒரு குழந்தை
காதைப் பொத்திக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன்.
கண்ணாடிக்கு மேலே நீர்,
முலாம் உரிந்த சின்னப் படத்தில்,
பொத்தாத காதுகளோடு.

அன்றிலிருந்து கட்டுப்படுத்தினேன்.
ஹார்னுக்குப் போகும் கையைத் தொடையில் அழுத்தினேன்.
பல்லைக் கடித்தேன்.
மூன்று நாள் ஒரு வசவு இல்லை.
மூன்றாம் நாள் மாலை
என்னை நானே மெச்சிக்கொண்டேன்:
பார், மல்காஸ், எப்படி மாறிவிட்டாய்!
அந்த மெச்சலோடு வீட்டுக்குப் போய்
குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினேன்.
சியாலா ஒன்றும் சொல்லவில்லை.
மேசையைத் துடைத்தாள்.
துடைத்த இடத்தையே
திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

மறுநாள் ரிகோத்தி மலை இறக்கம்.
பனி உருகி ரோடு மினுங்கியது.
முன்னால் போன டிரக்கிலிருந்து கருகல் நாற்றம்.
யாரோ புதுப்பையன்,
பிரேக்கை மிதித்தே இறங்குகிறான்.
மிதிக்க மிதிக்கச் சூடேறும்,
சூடேறச் சூடேறப் பிடி நழுவும்,
கடைசியில் கால் தரையைத் தொடும், வண்டி நிற்காது.
இருபத்தாறு வருஷமாய் எனக்குத் தெரிந்ததுதான்:
மலை இறங்கப் பிரேக் போதாது.
மேலேயே, சரிவு தொடங்குமுன்பே,
கியரைத் தாழ்த்திவிட வேண்டும்.
பிறகு வண்டியின் நெஞ்சே வண்டியைப் பிடிக்கும்,
உறுமிக்கொண்டும் முனகிக்கொண்டும்.
கால் சும்மா இருக்கும்.

நான் பல்லைக் கடித்ததெல்லாம் பிரேக், ஆண்டவரே.
உள்ளே இயந்திரம்
ஐந்தாம் கியரில் அப்படியே பறந்துகொண்டிருந்தது.

விளக்கைச் சிமிட்டிப் பையனை ஒதுங்கவைத்தேன்.
சக்கரத்தில் புகை.
புத்தி சொல்ல நாக்கு துடித்தது,
நான் நேற்றுத்தான் கற்றதுபோல் இல்லாமல்.
தண்ணீர்ப் புட்டியை நீட்டினேன்.
அவன் சக்கரத்தைப் பார்த்தான்.
"அதற்கில்லை, உனக்கு" என்றேன்.
கை நடுங்க நடுங்கக் குடித்தான்.

மன்னிப்பு ஞாயிறு போய் நாலு வாரம் ஆகப்போகிறது.
அன்று கோயிலில் எல்லோர் முன்னும் குனிந்தேன்,
குனியச் சுலபமான எல்லோர் முன்னும்.

செஸ்தாபோனி சந்தை ஓரத்தில்
ஓத்தியா டயர் மாற்றிக்கொண்டிருந்தான்.
வழியெல்லாம் கோத்துவைத்த பேச்சு
அவன் முதுகைப் பார்த்ததும் அறுந்துபோயிற்று.
"உன் அம்மாவைப் பேசினேன். பேசியிருக்கக் கூடாது."
அவன் நிமிரவில்லை.
"இந்த நட்டைப் பிடி."
பிடித்தேன். ஐந்து நட்டு.
ஒவ்வொன்றாய் என் உள்ளங்கையிலிருந்து எடுத்தான்.
மன்னித்தேன் என்று சொல்லவில்லை.
நாளைக்கும் முன்னால் புகுவான், தெரியும்.
கையில் கிரீஸ் கறை மட்டும் வட்டம் வட்டமாய்.

இன்றைக்கும் குழம்பில் உப்பு குறைவு.
எடுத்துப் போட்டுக்கொண்டேன்.
கிண்ணத்தைச் சியாலா பக்கம் நகர்த்தினேன்.
அவள் என் கையையே பார்த்தாள்,
கறையையா, கையையா, தெரியவில்லை.

உம் பின்னால் வருகிறேன் என்று சொன்னவன் நான்.
வழியெல்லாம் உம்மை முந்தப் பார்த்தவனும் நான்தான்.
நாளை ஆறு மணிக்கு முதல் வண்டி.
சரிவு எங்கே தொடங்குகிறதென்று
எனக்குக் கொஞ்சம் முன்னதாகக் காட்டும்.
தாழ்த்துகிறபோது அது உறுமும்,
இறங்க மறுக்கும்.
அப்போது என் கைமேல் உம் கையை வையும்.